ஸ்விஃப்ட் கோடு போட்டு வெளிநாட்டுப் பணம் வாங்குவது: ஆறு வருடம் பயன்படுத்தியபின் என் விமர்சனம்

சுவாமிமலையில் பெரியப்பாவின் பஞ்சலோகச் சிலைப் பட்டறைக்கு வெளிநாட்டு ஆர்டர் பேசுவது, இன்வாய்ஸ் போடுவது, வங்கிக்கு நடப்பது எல்லாம் 2019 கடைசியிலிருந்து என் வேலை. பெரியப்பா மெழுகில் கை வைத்துவிட்டால் வேறு எதையும் காதில் வாங்க மாட்டார், அதனால் பணம் வந்ததா வரவில்லையா என்கிற கவலை முழுக்க என்னுடையது. ஜெர்மனி, கனடா, சிங்கப்பூர், மலேசியா என்று இதுவரை எங்களுக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி ஸ்விஃப்ட் வழியாக, அதாவது நாடுவிட்டு நாடு வங்கிகள் பணச் செய்தி அனுப்பிக்கொள்ளும் வலை வழியாக, வங்கிக்கு வங்கி வந்ததுதான். மிக்சிக்கும் மொபைலுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம், லட்சக்கணக்கில் பணம் வந்து சேருகிற இந்தச் சேவையைப் பற்றி, அதைப் பயன்படுத்துகிற நாம் யாரும் விவரமாகப் பேசிக்கொள்வதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழி நல்ல வழி, நம்பலாம். ஆறு வருடத்தில் எங்கள் பணம் ஒரு தடவைகூடக் காணாமல் போனதில்லை. ஆனால் கொடுக்கிற குறியீட்டில் ஓர் எழுத்து மாறினாலும் படுத்திவிடும், அதைச் சரிசெய்ய உள்ளூர்க் கிளையில் உதவி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, காசு குறைகிறதே என்று எல்லோரும் திட்டுவது சர்வீஸ் சார்ஜை, உண்மையில் குறைவது வெளிநாட்டு நாணயத்தை ரூபாயாக்கும் ரேட்டில். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், அந்த வழிக்கு நான்கு, எங்கள் கிளை எங்களுக்குச் செய்த உதவிக்கு இரண்டு.

அந்தக் கோடு என்னவென்று தெரியாமலேயே மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டினேன், தெரிந்துகொண்ட பிறகுதான் பயம் போனது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கும்பகோணத்தில் 1904-இல் ஆரம்பித்து இன்றும் அங்கேயே தலைமையகம் வைத்திருக்கும் சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் கோடு சி-ஐ-யு-பி-ஐ-என்-5-எம். (எங்கள் கணக்கு அந்த வங்கியில் இல்லை, உதாரணத்துக்காகச் சொல்கிறேன்.) முதல் நான்கு எழுத்து வங்கியின் பெயருக்கு. அடுத்த இரண்டு நாட்டுக்கு, ஐ-என் என்றால் இந்தியா. அதற்கடுத்த இரண்டு இடத்துக்கு. எட்டோடு நின்றால் தலைமையகம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் மூன்று எழுத்து சேர்ந்து பதினொன்றாக வந்தால் அந்த மூன்றும் கிளையைச் சொல்வது. மூன்றும் எக்ஸ்-எக்ஸ்-எக்ஸ் என்றிருந்தால் மறுபடியும் தலைமையகமேதான். ஸ்டேட் பேங்க்குக்கு எஸ்-பி-ஐ-என்-ஐ-என்-பி-பி, ஐஓபிக்கு ஐ-ஓ-பி-ஏ-ஐ-என்-பி-பி. ஜெர்மனியின் டாய்ச்ச வங்கிக்கு டி-இ-யு-டி-டி-இ-எஃப்-எஃப், டி-இ ஜெர்மனி, எஃப்-எஃப் ஃப்ராங்க்ஃபர்ட். இந்தியன் வங்கியின் சென்னைக் கோடு எம்-ஏ-எஸ் என்று முடிகிறது, சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ரயில்வேயில் இருக்கும் அதே மெட்ராஸ். இப்படிப் பிரித்துப் படிக்கப் பழகிவிட்டால் தப்பான கோடு வந்தால் கண்ணிலேயே பட்டுவிடும்.

ஐஎஃப்எஸ்சியும் பதினோரு எழுத்து என்பதுதான் நம் ஊரில் எல்லாக் குழப்பத்துக்கும் ஆரம்பம். இரண்டும் வங்கியின் நான்கு எழுத்தில் தொடங்கும். வித்தியாசம் ஐந்தாவது இடத்தில் இருக்கிறது: ஐஎஃப்எஸ்சியில் அங்கே எப்போதும் சைபர், ஸ்விஃப்டில் அங்கே நாட்டின் முதல் எழுத்து. ஐஎஃப்எஸ்சி நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ் என்று உள்நாட்டுக்குள் ஓடுவதற்கு, வெளிநாட்டு வங்கிக்காரருக்கு அதைக் கொடுத்தால் அவருக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தச் சைபரை ஓ என்று எழுதிக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வங்கி ஆளே எழுதிக் கொடுத்தார் ஒருமுறை.

அப்புறம் ஐபான், ஐரோப்பா போன்ற இடங்களில் பயன்படுத்தும் சர்வதேச வங்கிக் கணக்கு எண். ஜெர்மனியில் 22 எழுத்து, அமீரகத்தில் 23. இந்தியாவில் ஐபான் கிடையாது, சிங்கப்பூரிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து அனுப்புகிறவர் "உங்கட ஐபான் நம்பர் என்ன?" என்று கேட்டால் பதறாமல் எங்கள் நாட்டில் அது இல்லை, கணக்கு எண்ணும் ஸ்விஃப்ட் கோடும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ஐபானில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு, நாட்டெழுத்துக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் சரிபார்ப்புக்கானது, ஓர் எண்ணைத் தட்டுவதில் தவறினால் திரையிலேயே பிடிபடும். ஸ்விஃப்ட் கோடில் அந்த மாதிரி எதுவும் இல்லை. தப்பாகத் தட்டியது தற்செயலாக இன்னொரு வங்கியின் நிஜக் கோடாக அமைந்துவிட்டால் செய்தி அங்கேயே போய் நிற்கும். இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் இதுதான்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், 2023 ஜூலை.

ஜெர்மனியில் இருக்கும் ஒரு முருகன் கோயிலுக்கு வள்ளி தெய்வானையோடு உற்சவர் செட். கோயில் சபையின் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கிறார், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், நான் அண்ணா என்பேன். தை மாதம் குடமுழுக்கு வைத்திருந்தார்கள். முன்பணம் 3,000 யூரோ. அந்தப் பணம் வந்தால்தான் செம்பும் பித்தளையும் வாங்க முடியும், பட்டறையில் கையிருப்பு வைத்து வேலை செய்கிற வசதி எங்களுக்கு இல்லை.

அவர் ஸ்விஃப்ட் கோடு கேட்டார். அதுவரை எங்களுக்குப் பணம் அனுப்பியவர்கள் பழைய வாடிக்கையாளர்கள், பெரியப்பா எப்போதோ கொடுத்த விவரத்தை வைத்தே அனுப்பிக்கொண்டிருந்தார்கள், என்னிடம் யாரும் கேட்டதில்லை. கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் திருப்பி, "இதுதான் மேடம், இதையே குடுங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். பதினோரு எழுத்து இருந்தது. அண்ணாவுக்கு அனுப்பினேன். அன்றிரவே ஃபோன்: "தங்கச்சி, இந்த நம்பரை பாங்க் எடுக்குதில்லை." காட்டியது ஐஎஃப்எஸ்சி. சரி, இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, ஒரு நாள் போனது.

மறுபடி கிளைக்குப் போய் நிற்பதற்குள் அண்ணாவே இணையத்தில் தேடி, எங்கள் வங்கியின் பெயரைப் போட்டு, முதலில் வந்த கோடு எடுத்து அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, குடமுழுக்கு நாள் குறித்த மனுஷர், அவசரம். ஜூலை 3, திங்கட்கிழமை. வழக்கமாக எங்களுக்கு இரண்டு மூன்று வேலைநாளில் வந்துவிடும். அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை அவர் கூப்பிட்டார்: "நான் மூன்றாம் திகதியே காசு போட்டிட்டன், இன்னும் வரேல்லையே?" குரலில் சந்தேகம் இல்லை, ஆனால் கவலை இருந்தது. பார்த்தே இராத ஆளை நம்பிக் கோயில் காசை அனுப்பியவர், சபையில் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கிளையில் கேட்டால், "எங்களுக்கு எதுவும் வரலை மேடம், அனுப்பினவங்களையே கேளுங்க." அது பொய்யில்லை. வெளிநாட்டுப் பணம் முதலில் வங்கியின் அன்னியச் செலாவணிப் பிரிவுக்குத்தான் வந்து நிற்கும், அங்கே பார்த்து விடுவித்தால்தான் கிளைக்குத் தெரியும். ஆனால் அதை எனக்குச் சொல்லியிருக்கலாம். "நீங்கள் அந்தப் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள்" என்கிற ஒரு வரி போதுமாக இருந்தது, அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மூன்று நாள் மூன்று மேசை ஏறி இறங்கினேன்.

வழி காட்டியது திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் தோழியின் அப்பா. "எம்டி 103 காப்பி கேளும்மா, அதுதான் ரசீது, அதைப் பாத்தா எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிடும்" என்றார். அண்ணா தன் வங்கியில் கேட்டார், மறுநாளே ஒரு பக்கத்தில் பிடிஎஃப் வந்தது.

இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பார்க்கத் தந்தி மாதிரி இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண். 20 என்ற வரியில் அனுப்பிய வங்கியின் குறிப்பு எண். 32-ஏ வரியில் தேதி, நாணயம், தொகை மூன்றும் ஒட்டிக்கொண்டு வரும், 230703 என்று தொடங்கும் அந்த வரியைப் படிக்க எனக்கே ஒரு நிமிடம் ஆனது, வருடம், மாதம், நாள் என்ற வரிசை. 50-இல் அனுப்புகிறவர். 57-ஏ வரியில் பணம் போய்ச் சேர வேண்டிய வங்கியின் ஸ்விஃப்ட் கோடு. 59-இல் கணக்கு எண்ணும் பெயரும். 70-இல் எதற்காக என்ற குறிப்பு. 71-ஏ வரியில் கட்டணம் யார் தலையில் என்பது. மேலே 36 இடம் கொண்ட ஒரு நீளமான எண், நடுநடுவே கோடிட்டு, யுஇடிஆர் என்பார்கள். 2018 நவம்பரிலிருந்து இந்த எண் இல்லாமல் இப்படிப்பட்ட செய்தி எதுவும் போகக் கூடாது என்று விதி. பணம் எத்தனை வங்கி மாறினாலும் இந்த எண் மட்டும் மாறாது, கூரியர் டிராக்கிங் நம்பர் மாதிரி.

எங்கள் தாளில் 57-ஏ வரியில் முதல் எட்டு எழுத்து சரி, எங்கள் வங்கிதான். கடைசி மூன்று வட இந்திய நகரம் ஒன்றின் கிளை. 59-இல் பெரியப்பாவின் பெயர். ஆனால் எங்கள் நடப்புக் கணக்கு இருப்பது பட்டறையின் பெயரில். ஆக, பணம் வங்கிக்கு வந்துவிட்டது, தப்பான வாசலில் வந்து நிற்கிறது, கையில் இருக்கும் சீட்டில் வேறு பெயர். இரண்டில் ஒன்று மட்டும் என்றால் அவர்களே சரிசெய்திருப்பார்களோ என்னவோ, இரண்டும் சேர்ந்ததில் ஒரு மேசையில் அப்படியே கிடந்துவிட்டது.

யுஇடிஆர் எண்ணோடு தலைமை அலுவலக அன்னியச் செலாவணிப் பிரிவுக்கு மெயில் போட்டேன். சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. பணம் இருக்கிறது, பெயரை உறுதிப்படுத்தி ஒரு கடிதம், புரோஃபார்மா இன்வாய்ஸ், பர்ப்பஸ் கோடு மூன்றும் அனுப்பச் சொன்னார்கள். பர்ப்பஸ் கோடு என்பது எதற்காக வந்த பணம் என்று ரிசர்வ் வங்கிக்குச் சொல்லும் எண், சரக்கு ஏற்றுமதிக்கான முன்பணத்துக்கு பி0103. (வீட்டுச் செலவுக்குச் சொந்தக்காரர் அனுப்புவது பி1301, அதைப் போட்டு வியாபாரப் பணத்தை வாங்கிவிடாதீர்கள், பின்னால் ஏற்றுமதிக் கணக்கு நேர் செய்யும்போது சிக்கும்.) ஜூலை 20 வியாழக்கிழமை கணக்கில் ஏறியது. பதினேழு நாள். அதற்குள் பெரியப்பா கும்பகோணத்துக் கடையில் கடன் சொல்லி உலோகம் வாங்கி வந்துவிட்டார். குடமுழுக்கு தள்ளிப்போகக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு.

அதிலும் ஒரு விஷயம் கவனியுங்கள், பணம் எங்கேயும் தொலையவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தில் தடம் இருந்தது. இதற்காகத்தான் அந்த நான்கு மதிப்பெண். உண்மையில் ஸ்விஃப்ட் பணத்தைத் தூக்கிக்கொண்டு வருவதே இல்லை, கடிதத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. 1973-இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் ஆரம்பித்த கூட்டுறவு அமைப்பு அது, 1977-இல் ஓடத் தொடங்கியது, அதற்கு முன்னால் டெலக்ஸ்தான். பணம் நகர்வது வங்கிகள் ஒருவருக்கொருவர் வைத்திருக்கும் கணக்குகளில். நம் வங்கி ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒரு வங்கியிடம் யூரோ கணக்கு வைத்திருக்கும், நோஸ்ட்ரோ என்பார்கள். அந்தக் கணக்கில் யூரோ ஏறியதும் இங்கே நமக்கு ரூபாய் ஏறும். டெலக்ஸ் காலத்துப் பெயர் இன்னும் போகவில்லை, வங்கியில் இன்றும் டிடி ரேட் என்பார்கள், டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர். பெரியப்பா அதைக் கேட்டு டிமாண்ட் டிராஃப்ட் என்று நினைத்துக்கொண்டு பல வருடம் கிளையில் டிராஃப்ட்டைத் தேடியிருக்கிறார். தமிழில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுகிறது, வங்கியில் பேசும்போது முழுப் பெயரும் சொல்லிவிடுவது நல்லது.

இப்போது காசு. 3,000 யூரோ அனுப்பினார், 2,978 வந்தது. நடுவில் இருந்த வங்கி 22 எடுத்துக்கொண்டது. 71-ஏ வரியில் எஸ்-ஹெச்-ஏ என்று இருந்தது, அதாவது அவரவர் பக்கத்துக் கட்டணம் அவரவர்க்கு. ஓ-யு-ஆர் என்று போட்டால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருடையது, பி-இ-என் என்றால் முழுக்க நம்முடையது. இன்வாய்ஸில் முன்கூட்டியே ஓ-யு-ஆர் என்று எழுதிவிடுங்கள், அனுப்புகிறவருக்கும் அது எவ்வளவு வரும் என்று சொல்லிவிடுங்கள், பேரம் முடிந்த பிறகு சொன்னால் மனஸ்தாபம். நான் இப்போது விலை சொல்லும்போதே சொல்லிவிடுகிறேன்.

22 யூரோ வலிக்கவில்லை. வலித்தது ரேட். அன்றைய சந்தை விலையைவிட யூரோவுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்துப் போட்டிருந்தார்கள். 2,978 யூரோவுக்கு 4,467 ரூபாய். இது எந்த ரசீதிலும் சார்ஜ் என்று வராது, அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. செலாவணி மாற்றியதற்கு ஜிஎஸ்டி தனி, அதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது, ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 1,000 ரூபாயோடு, லட்சத்துக்கு மேல் உள்ள தொகையில் அரை சதவீதம் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகைக்கு 18 சதவீதம். எங்களுக்குச் சுமார் 330 ரூபாய் வந்தது. ஜிஎஸ்டியைப் பார்த்து நொந்துகொண்டிருந்தேன், அதைப்போல் பதின்மூன்று மடங்கு ரேட்டில் போயிருந்தது தெரியாமல்.

சாதாரணமாக வங்கி போடுவது கார்டு ரேட், பலகையில் இருக்கும் விலை. ஆனால் பணம் கணக்கில் ஏறுவதற்கு முன்னால் அன்னியச் செலாவணிப் பிரிவில் கேட்டால் ரேட்டைக் கூட்டிக் கொடுக்கிறார்கள், கேட்கலாம் என்பதே எனக்கு நான்கு வருடம் தெரியாது. அடுத்த தவணைக்குக் கேட்டேன், யூரோவுக்கு 60 பைசா கூடக் கிடைத்தது. கூச்சப்படாமல் கேளுங்கள், தினமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நாணயத்திலும் கவனம் வேண்டும். டொரன்டோவிலிருந்து ஒருவர் கனடா டாலராகவே அனுப்பினார். எங்கள் வங்கிக்குக் கனடா டாலரில் நோஸ்ட்ரோ கணக்கு இல்லை. நடுவில் அமெரிக்க டாலராகி, பிறகு ரூபாயாகி, இரண்டு இடத்தில் ரேட் போனது. எந்தெந்த நாணயத்துக்கு நோஸ்ட்ரோ இருக்கிறது, அந்த நடு வங்கியின் ஸ்விஃப்ட் கோடு என்ன என்பதை உங்கள் வங்கியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வங்கிகள் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன.

ஸ்விஃப்ட் தேவையே இல்லாத இடங்களும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அம்மாவுக்கு மாதச் செலவு அனுப்புவது பேநவ்–யுபிஐ இணைப்பில் (பேநவ் என்பது நம் யுபிஐ மாதிரி சிங்கப்பூரில் இருப்பது), 2023 பிப்ரவரி 21 முதல் இருக்கிறது, ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை, இந்தப் பக்கம் ஐஓபி, இந்தியன் வங்கி, ஸ்டேட் பேங்க் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எழுதி முடிப்பதற்குள் வந்துவிடுகிறது. துபாயில் இருக்கும் உறவினர் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸில் கட்டுகிறார், அங்கே கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் கொடுத்தாலே போதும், நம் நாட்டு வங்கியோடு அவர்களுக்கு ரூபாய் ஏற்பாடு இருக்கிறது. வெஸ்டர்ன் யூனியன் மாதிரி கையில் வாங்குகிற வழியில் ஒரு தடவைக்கு 2,500 டாலர், வருடத்துக்கு ஒருவருக்கு 30 தடவை என்று ரிசர்வ் வங்கியின் வரம்பு. இவை எல்லாம் குடும்பப் பணத்துக்கு. வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஸ்விஃப்ட் பக்கம் வராமலேயே இருக்கலாம் என்பதுதான் என் யோசனை. வியாபாரப் பணத்துக்கு, அதுவும் எங்களைப் போல ஒரு ஆர்டர் இரண்டு மூன்று லட்சம் என்று வருகிறவர்களுக்கு, ஏற்றுமதிக் கணக்கை நேர்செய்யச் சான்றும் வேண்டும் என்கிறவர்களுக்கு ஸ்விஃப்ட்தான் எனக்குத் திருப்தி.

இன்னொரு எச்சரிக்கை, வங்கிகள் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு பழைய கோடு செத்துப்போகும். சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு சேர்ந்தது, அதன் எஸ்-ஒய்-என்-பி என்று தொடங்கும் ஸ்விஃப்ட் கோடு நிறுத்தப்பட்டுவிட்டது, இனி கனராவின் கோடு என்று வங்கியே அறிவித்தது. கரூர் லட்சுமி விலாஸ் வங்கி அதே வருடம் நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்தது. பழைய லெட்டர்ஹெட், பழைய இன்வாய்ஸ் மாதிரி, வாடிக்கையாளர் ஃபோனில் சேமித்து வைத்திருக்கும் பழைய மெசேஜ் எல்லாவற்றிலும் பழைய கோடு உட்கார்ந்திருக்கும். சேர்ந்த வங்கியில் கணக்கு இருந்தால் ஒவ்வொருவருக்கும் நீங்களே எழுதிச் சொல்லுங்கள், அவர்களாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்காதீர்கள்.

எழுத்துப் பிழை அற்ப விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கிக்கு நடந்ததைச் சொல்வேன். திருடர்கள் அந்த வங்கியின் ஸ்விஃப்ட் இணைப்புக்குள் நுழைந்து, நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலருக்கு உத்தரவு அனுப்பினார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு வந்த 2 கோடி டாலர் நின்றதற்குக் காரணம், வாங்குகிற அமைப்பின் பெயரில் ஃபவுண்டேஷன் என்ற சொல்லைத் தப்பாக எழுதியிருந்தார்கள், நடுவில் இருந்த டாய்ச்ச வங்கி இது என்ன என்று கேட்டு நிறுத்தியது. இதைப் படித்த பிறகு என் பணம் பெயர் மாறியதால் நின்றதில் எனக்குக் கோபம் போய்விட்டது. நிற்கத்தான் வேண்டும். நிற்கிறது என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2025 நவம்பர் 22-க்குப் பிறகு நாடுவிட்டு நாடு போகும் பணத்துக்கு எம்டி 103 போய் புது வடிவம் வந்துவிட்டது, பேக்ஸ் 008 என்கிறார்கள். ஸ்விஃப்ட் கோடு அதேதான், மாறவில்லை. யுஇடிஆரும் இருக்கிறது. அனுப்பியவரிடம் கேட்கும்போது பேக்ஸ் 008 காப்பி அல்லது எம்டி 103 மாதிரி ஒரு காப்பி என்று கேளுங்கள், பழைய பெயரைச் சொன்னாலும் புரிந்துகொள்கிறார்கள். முகவரியை ஒரே மூட்டையாக எழுதுவதும் 2026 நவம்பரோடு போகிறது, ஊரும் நாடும் அதனதன் கட்டத்தில் தனித்தனியாக இருக்க வேண்டும். சுவாமிமலை, கும்பகோணம் தாலுகா, தஞ்சாவூர் மாவட்டம் என்று நாம் வழக்கமாக நீட்டி எழுதுவதை இப்போதே பிரித்து எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் இன்வாய்ஸின் அடியில் இப்போது ஒரு கட்டம் இருக்கிறது. வங்கிப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு புள்ளிகூட மாறாமல், கணக்கின் பெயர். கணக்கு எண். தலைமை அலுவலகம் மெயிலில் உறுதிசெய்த ஸ்விஃப்ட் கோடு, பதினோரு எழுத்தும் பெரிய எழுத்தில், நான்கு, இரண்டு, இரண்டு, மூன்று என்று இடைவெளி விட்டு. யூரோவுக்கும் அமெரிக்க டாலருக்கும் நடு வங்கியின் கோடு. ஓ-யு-ஆர். குறிப்பு வரியில் இன்வாய்ஸ் எண். அதற்குக் கீழே, தயவுசெய்து இணையத்தில் தேடி எடுத்த கோடு பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி. ஜெர்மனி அண்ணாவின் கோயிலுக்கு அந்த முருகன் தை மாதத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். போன மார்கழியில் அதே கோயிலுக்குச் சண்டிகேஸ்வரர் ஒன்று கேட்டார்கள், முன்பணம் செவ்வாய்க்கிழமை போட்டார், வியாழக்கிழமை மத்தியானம் கணக்கில் இருந்தது.